முதல் செலவு மொட்டை மாடிக்கு



"ஹாம் ரேடியோ ஆரம்பிக்கணும், முதல்ல எந்த செட் வாங்கலாம்?" கடிதங்களிலும் தொலைபேசியிலும் இந்தக் கேள்வி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலிதான் ஹாம் ரேடியோ; அவர்களே ஹாம்கள்.) கேட்பவர்களில் பத்தாம் வகுப்பு மாணவி இருக்கிறார், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார், புயல் காலத்தில் ஊருக்கு உதவ வேண்டும் என்று நினைக்கும் கடலோரத்து இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு மாடல் எண்ணைச் சொல்லிவிட்டால் பதில் முடிந்துவிடும். ஆனால் மாணவிக்குப் பொருந்துவது ஓய்வுபெற்றவருக்குப் பொருந்தாது. சென்னையில் எட்டாவது மாடியில் இருப்பவருக்குப் பயன்படுவது தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்குப் பயன்படாமல் போகலாம். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் இந்தக் கேள்விக்கே ஒதுக்கிவிட்டேன்.

எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: யாரோடு பேச ஆசைப்படுகிறீர்கள், எந்த இடத்திலிருந்து பேசப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெளிவாகட்டும். பிறகு கையிலுள்ள பணத்தில் முதல் பங்கை ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும் எடுத்து வையுங்கள். ரேடியோ கடைசியில் வரட்டும்.

அதற்கும் முன்னால் உரிமம். நம் நாட்டில் ஒலிபரப்பும் ரேடியோவை உரிமமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். பேசினால்தான் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, அழைப்புக் குறி வாங்க வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் பிரிவில் தேறினால் வி.யு.3 என்று தொடங்கும் குறி கிடைக்கும். ஜெனரல் பிரிவில் தேறினால் வி.யு.2. ஜெனரல் பிரிவுக்கு மட்டும் மோர்ஸ் தேர்வும் உண்டு, நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில். இணையக் கடைகளில் வாக்கி டாக்கிகள் கேள்வி முறையின்றி விற்கப்பட்டதைத் தொடர்ந்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் அதற்கென்றே வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. உங்கள் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் வியாபாரி அமைந்தால் அவரிடமே வாங்குங்கள் என்பேன். அவர் உங்களையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்.

தேர்வுக்கும் உரிமத்துக்கும் இடையில் மாதங்கள் ஓடும். பலரும் இந்த இடைவெளியைச் சலிப்போடு கழிக்கிறார்கள். எனக்கோ இந்தப் பொழுதுபோக்கின் மிக இனிய பருவம் அதுதான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அப்போது கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு வெப் எஸ்.டி.ஆர். பல ஆண்டுகளாக இயங்குகிறது. இணைய இணைப்பு இருந்தால் போதும், உங்கள் கைபேசியிலிருந்தே அங்குள்ள ஏற்பியைத் திருப்பி ஐரோப்பிய ஹாம்களின் பேச்சைக் கேட்கலாம். அவர்கள் பேசும் எஸ்.எஸ்.பி. முறையில் குரல் முதலில் வாத்துக் கத்தலாகத்தான் கேட்கும். அலைவரிசையைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் ஒரு புள்ளியில் அது மனிதக் குரலாகத் திரண்டு வரும். அந்தத் திருகலுக்குக் கை பழகிவிட்டால் பின்னால் எந்த ரிக் (ஹாம் செட்) வாங்கினாலும் திணற மாட்டீர்கள்.

கேட்கக் கேட்க, உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியவரும். சிலருக்குப் பக்கத்து ஊர் நண்பர்களோடு அன்றாடம் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நெட் பிடிக்கும். சிலருக்குப் பசிபிக் தீவிலிருந்து மங்கலாக வரும் ஒரு குரலைத் துரத்துவது பிடிக்கும். வேறு சிலருக்கு விண்வெளி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் நிலையம் ஒன்று இருக்கிறது. அது 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது, நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் ஹேண்டி என்னும் சாதாரணக் கையடக்க செட்டிலேயே கேட்கும். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து நம் பள்ளி மாணவர்களோடு உரையாடியது இதே ஹாம் வானொலி வழியில்தான்.

இந்தக் கேட்கும் காலத்தில் இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். ரேடியோ வாங்கும் முன் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சிற்றலை வரும் ஒரு சிறிய பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, கூடத்தில், படுக்கையறையில், மொட்டை மாடியில், பின்கட்டில் எவ்வளவு இரைச்சல் வருகிறது என்று கவனியுங்கள். மலிவான எல்.இ.டி. பல்பு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர், சூரியத் தகட்டோடு வரும் கருவி, பக்கத்து வீட்டு டி.வி. இவை ஒவ்வொன்றும் சிற்றலையில் ஒரு உறுமலை எழுப்பும். நகரத்து அடுக்குமாடிகளில் தொலைதூரக் குரல்களைப் புதைப்பது பெரும்பாலும் இந்த உறுமல்தான். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது; ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிடித்துவிடலாம். இறங்காவிட்டால் அக்கம்பக்கத்து மின்கருவிகளின் இரைச்சல் என்று பொருள். அப்போது லட்ச ரூபாய் ரிக்கை மேசையில் வைத்தாலும் அதே உறுமலைத்தான் இன்னும் துல்லியமாகக் கேட்பீர்கள். அத்தகைய வீட்டுக்காரர் 144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து வி.ஹெச்.எஃப்.பில் தொடங்கலாம், அல்லது பூங்காவுக்கோ கடற்கரைக்கோ எடுத்துச்செல்லக்கூடிய சிறிய ஹெச்.எஃப். (சிற்றலை) செட்டைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, ஹேண்டிக்கு வருவோம். பெரும்பாலோர் கேட்பது அதைத்தான். பாவ்ஃபெங் யு.வி.5ஆர் போன்ற சீன ஹேண்டிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. 5 வாட்டுக்குள்தான் சக்தி, இரண்டு பேண்ட், கைக்கு அடக்கம். யாயேசு போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் ஹேண்டிகள் அதைப்போல் பல மடங்கு விலை. ஏற்பி கூர்மையானது, பலமான நிலையங்கள் பக்கத்தில் இருந்தாலும் தடுமாறாது. முதல் ஹேண்டி மலிவாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் மனத்தில் வையுங்கள். அந்த மலிவு செட்டுகள் 136 முதல் 174 வரையும் 400 முதல் 480 வரையும் எங்கு வேண்டுமானாலும் ஒலிபரப்பும். நமக்கு அனுமதி 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. வெளியே இருப்பவை காவல்துறையும் மற்ற சேவைகளும் பயன்படுத்தும் இடங்கள். ஆகவே வாங்கிய அன்றே நமது அலைவரிசைகளை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, அந்தச் சேனல்களில் மட்டும் பேசுங்கள்.

இரண்டாவது, ஹேண்டியின் எட்டம். வி.ஹெச்.எஃப். அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போவது. ஆண்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அது எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கையில் பிடித்து நிற்கும்போது உயரம் ஒன்றரை மீட்டர்; எட்டம் 5 கிலோமீட்டர். அதுவும் வெட்டவெளியில். தெருவில் கட்டடங்கள் அதிலும் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதே ஹேண்டியிலிருந்து ஒரு கேபிள் மேலே போய், 12 மீட்டர் உயரக் கம்பத்தில் ஒரு எளிய ஆண்டெனாவில் முடிந்தால் அடிவானம் 14 கிலோமீட்டருக்கு விலகிவிடும். ஏற்காடு அளவு உயரத்தில், சுமார் 1,500 மீட்டரில், கேட்டதை உடனே மறுஒலிபரப்பும் ரிப்பீட்டர் ஒன்று இருந்தால் அதன் அடிவானம் 160 கிலோமீட்டர். அதனால்தான் ரிப்பீட்டர்களை மலை உச்சியில் வைக்கிறார்கள். உங்கள் ஊருக்கு எந்த ரிப்பீட்டர் கேட்கும், அதற்கு அனுப்பும் அலைவரிசை எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் (ஆஃப்செட்), அதைத் திறக்கும் டோன் என்ன என்பதை உள்ளூர் ஹாமிடம் விசாரித்துவிட்டு ஹேண்டி வாங்குங்கள். எந்த ரிப்பீட்டரும் எட்டாத, சுற்றிலும் வேறு ஹாம் இல்லாத ஊரில் தனியாக ஒரு ஹேண்டி வாங்கியவர்கள் ஒரு மாதத்தில் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆர்வத்தோடு வந்த பலரை நாம் இப்படித்தான் இழக்கிறோம். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இது.

கேபிளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்கிறேன். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கும். 30 மீட்டர் நீளத்தில் 145 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால் மறுமுனைக்குப் போய்ச் சேருவது கால் பங்குதான். உங்கள் 5 வாட் மொட்டை மாடியை அடையும்போது ஒரு வாட் சொச்சம். தடிமனான ஆர்ஜி-213 போட்டால் பாதிக்கு மேல் போய்ச் சேரும். அதே மெல்லிய கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸை அனுப்பினால் முக்கால் பங்கு பத்திரமாகப் போகும். எனவே வி.ஹெச்.எஃப்.காரர்கள் தடிமன் கேபிளுக்குச் செலவிடட்டும், அல்லது நீளத்தைக் குறைக்கட்டும். ஹெச்.எஃப்.காரர்கள் மெல்லியதையே போட்டு மிச்சப்படுத்தலாம்.

நீண்ட தூரம் பேச ஆசைப்படுபவர்களுக்கும் தோட்டம் துரவு உள்ளவர்களுக்கும் என் ஆலோசனை 40 மீட்டர் பேண்ட், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். காலை வேளையில் இந்திய ஹாம்கள் கூடும் இடம் அது. அதற்குத் தேவையான ஆண்டெனா உலகிலேயே எளிமையானது. வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பி போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், நடுவில் கேபிள் சேர இரு கைகளாக நீளும் இந்த டைபோலின் முழு நீளம் மீட்டரில் வரும்: 7.1-க்கு 20 மீட்டர், ஒரு கைக்கு 10 மீட்டர். கூடுதலாக அரை மீட்டர் விட்டு வெட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துச் சரிசெய்ய வேண்டும். மையத்தை மொட்டை மாடிக் கம்பத்தில் தூக்கி, இரு முனைகளையும் நைலான் கயிற்றில் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் இன்வெர்ட்டட் வி தயார். காப்புக்கு பி.வி.சி. குழாய்த் துண்டுகளே போதும்.

"என்னிடம் உயரமான டவர் இல்லையே" என்று தயங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 40 மீட்டர் டைபோல் ஏழெட்டு மீட்டர் உயரத்தில் தொங்கும்போது அலையின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் திரும்பி, குடைபோல் விரிந்து சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இறங்கும். அந்தச் சூழலில் மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை. நாகர்கோவிலிலிருந்து சேலத்துக்கும் கோவையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பகலில் பேச, தாழ்வாகக் கட்டிய கம்பியே மிகப் பொருத்தம். தமிழ் பேசும் வட்டத்துக்குள் பழகத் தொடங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கம்பி ஏற்றும்போது ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். மின்வாரியக் கம்பிக்கு மேலாகவோ, அறுந்தால் அதன்மேல் விழும்படியாகவோ ஒருபோதும் கட்டாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி கேட்கும் முன்பே கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி வெளியே வைத்துவிடும் பழக்கம் வரட்டும். வீட்டில் எல்லோருக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள்.

இப்போது ரிக். 100 வாட் தரும் புதிய ஹெச்.எஃப். செட் பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும். ஐகாம் ஐ.சி.7300 வந்து பல ஆண்டுகளாகியும் புதியவர்களுக்கு மூத்தவர்கள் அதையே சொல்லக் காரணம், அலைவரிசை முழுவதையும் திரையில் ஓவியமாகக் காட்டி, யார் எங்கே பேசுகிறார்கள் என்று கண்ணாலேயே காணச் செய்வதுதான். பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். சக்தியை நான்கு மடங்காக்கினால் எதிர்முனையில் அலையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளிதான் கூடும். 5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே இருபது மடங்கு வித்தியாசம் இருந்தாலும் மீட்டரில் அது இரண்டு புள்ளிக்குச் சற்று மேல். அந்த இரண்டு புள்ளியைச் சில நேரம் ஆண்டெனாவை இடம் மாற்றியே பெற்றுவிடலாம். எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை வந்த பிறகு சின்ன செட்டுகளுக்கு மதிப்பு கூடிவிட்டது. இயற்பியலில் 1993-இன் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கோடு சேர்ந்து 2017-இல் வெளியிட்டது அது. 15 விநாடித் தவணைகளில் கணினிகள் பேசிக்கொள்ளும். காதுக்கே எட்டாதபடி இரைச்சலுக்கு அடியில் புதைந்த செய்தியையும் பிரித்தெடுக்கும்.

சின்ன செட்டு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ். வெளிநாட்டு உதிரிபாகம் தேடி அலையும் இந்திய ஹாம்களை மனத்தில் வைத்து, உள்ளூர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்களைக் கொண்டே அவர் அதைக் கட்டினார். கம்பிச் சுருள் சுற்றுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது குழாய்க்குப் போடும் வாஷர்! அனுப்பும்போதும் ஏற்கும்போதும் அதே பெருக்கிகளே இரு திசையிலும் வேலை செய்யும்படி அமைத்ததால் பாகங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்த வடிவத்தை அவர் எல்லோருக்கும் திறந்தே வைத்தார். உலகின் பல நாடுகளில் ஹாம்கள் அதைக் கட்டிப் பேசினார்கள். பின்னால் வந்த மைக்ரோ பிட்எக்ஸ் பல பேண்டுகளில் இயங்குவது. சுமார் 10 வாட். சால்டரிங் அயர்னைப் பிடிக்கத் தயங்காத பொறியியல் மாணவர்கள் இந்த வழியில் வந்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கட்டிய செட் பழுதானால் எங்கே கை வைப்பது என்று கட்டியவருக்குத் தெரியும். வாங்கிய செட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பழைய செட் வாங்குவதிலும் தவறில்லை. விற்பவர் உரிமமுள்ள ஹாமாக இருக்கட்டும். அவர் வீட்டுக்கே போய், ஆண்டெனாவுக்குப் பதில் இணைக்கும் 50 ஓம் டம்மி லோடில் ஒவ்வொரு பேண்டிலும் எவ்வளவு வாட் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பவர் சப்ளை எது என்றும் கேளுங்கள், ஏனென்றால் 100 வாட் ரிக் பேசும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தரமில்லாத எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை வாங்கினால் முன்பு வீடு முழுக்கத் தேடிய அதே உறுமலை நாமே மேசைக்கு அழைத்து வந்தவர்கள் ஆவோம். புதிய மைக், வெளி ஸ்பீக்கர், அலங்கார மேசை எல்லாம் பிறகு. அதற்கு முன்னால் ஒரு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ நானோ வி.என்.ஏ.வோ வாங்குங்கள். கத்தரித்த கம்பி எங்கே ஒத்திசைகிறது என்று அது காட்டாவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் ஊகம்தான்.

புயலுக்கு உதவ விரும்பும் கடலோரத்து நண்பர்களுக்குத் தனியாகச் சில வரிகள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேயரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக ஆண்டெனா கட்டி, நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள். 26-ஆம் தேதி நிலம் நடுங்கி, கடல் புகுந்து, தொலைபேசிகள் அடங்கிப் போனபோது அவர்களின் நிலையம் அப்படியே மீட்புத் தொடர்பு நிலையமாக மாறியது. தீவில் இருப்பவர்களின் நலச் செய்திகள் அதன் வழியே கரைக்கு வந்தன. அன்று அது வேலை செய்ததற்குக் காரணம், கம்பி முன்பே மேலே இருந்தது, விரல்கள் முன்பே பழகியிருந்தன. ஆபத்துக்கு உதவும் என்று ஒரு ஹேண்டியைப் பெட்டியோடு வாங்கி வைப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, வாரம் ஒருமுறையாவது நெட்டில் கலந்துகொள்ளுங்கள் என்பதைத்தான். 12 வோல்ட் பேட்டரியில் உங்கள் நிலையம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் புயல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஒரு மூத்த ஹாமின் வீட்டில் சில மணி நேரம் உட்கார்ந்திருப்பது பத்து விமர்சனக் காணொளிகளைவிடப் பயன் தரும். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது. ஹைதராபாத்தில் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் 1983 முதல் இயங்குகிறது. பிற ஊர்களிலும் ஹாம்கள் இருக்கிறார்கள். மாடியில் டைபோல் தெரிந்தால் கதவைத் தட்டிக் கேட்கலாம், தயக்கம் வேண்டாம்.

எனக்கு எழுதும்போது உங்கள் ஊர், எத்தனையாவது மாடி, மொட்டை மாடிக்குப் போகும் உரிமை உண்டா, இரண்டு தாங்குமிடங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் கம்பி கட்ட முடியும், மெயினை நிறுத்தினால் இரைச்சல் குறைந்ததா, எவ்வளவு செலவிட முடியும் என்ற விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் கட்டும் முறையைப் படங்களோடு வெளியிடுகிறோம். 20 மீட்டர் இடம் இல்லாதவர்கள் அதையும் குறிப்பிட்டு எழுதினால், சுருக்கிக் கட்டும் முறையையும் அதே கட்டுரையில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்